ஏற்காடு ஏறும்போது மட்டும் கொதிக்கும் ஜீப்: ஹெட்டைத் திறக்கும் முன்

கேட்டவர் சொன்ன விவரம் சுருக்கமாக இது. ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் ஓடும் 1991 மாடல் மஹிந்திரா எம்.எம். 540, பெஜோ டீசல் எஞ்சின். சேலம் டவுனுக்குள் ஓட்டினால் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. அடிவாரம் தாண்டி மலை ஏறினால் எட்டாவது, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்குள் சிவப்பைத் தொடுகிறது. ஓரம் கட்டி நிறுத்தினால் ரேடியேட்டர் மூடிப் பக்கம் கொதித்து ஊற்றுகிறது. தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறியதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) கழற்றி எறிந்தாயிற்று, வாட்டர் பம்ப் புதிது போட்டாயிற்று. தண்ணீர் குறையும்போதெல்லாம் போர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இப்போது மெக்கானிக், "ஹெட்டைத் திறந்து பார்த்துடலாம்" என்கிறார். திறக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதில் எதுவும் அதைத் தனியாகச் சுட்டவில்லை. பத்து ரூபாய் செலவில்லாமல் பார்க்கக்கூடிய சோதனைகள் பாக்கி இருக்கும்போது முப்பது வருஷ எஞ்சினின் ஹெட் போல்ட்டில் ஸ்பானர் வைப்பது வீண் வம்பு.

முதலில் அந்த ரோடு வண்டியிடம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் சுமார், ஏற்காடு 1500 மீட்டர். ஆளும் மூட்டையுமாக 1600 கிலோ வண்டியை 1200 மீட்டர் உயரம் தூக்க ஆகும் சக்தியை அப்படியே தண்ணீரில் இறக்கினால், 60 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். உருளும் தடை, கியர் உராய்வு எல்லாம் இதில் சேரவில்லை. இந்த வகைப் பழைய டீசலில் சக்கரத்துக்குப் போகும் சக்திக்கு ஏறக்குறைய நிகரான சூடு கூலிங் தண்ணீருக்குள்ளும் இறங்குகிறது. அதை ரேடியேட்டர் ஒன்றுதான் வெளியே தள்ள வேண்டும், அதுவும் எதிர்க்காற்று இல்லாத 20 கிலோமீட்டர் வேகத்தில். பாதி அடைத்த ரேடியேட்டர்கூடச் சேலத்தில் ஐந்து ரோட்டிலும் அஸ்தம்பட்டியிலும் சமாளித்துவிடும். மலையில் சமாளிக்காது. ஆகவே "டவுன்ல நல்லாத்தானே ஓடுது" என்பது ரேடியேட்டர் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

எங்கே சூடாகிறது என்பதை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடிக்கலாம். நின்ற இடத்தில், டிராஃபிக்கில் சூடாகி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்றுப் பிரச்சினை: ஃபேன், பெல்ட், ஃபேனைச் சுற்றிய ஷ்ரவுட் கூடு. பைபாஸ் ரோட்டில் 70, 80 கிலோமீட்டரில் சீராக ஓடும்போது மெல்ல ஏறினால் தண்ணீர் ஓட்டம் குறைவு: அடைத்த கோர் (ரேடியேட்டரின் குழாய்களும் ஃபின்களும்), உள்ளே ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், தேய்ந்த பம்ப் இம்பெல்லர். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் அப்போதுதான் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். மலையில் மட்டும் என்றால் காற்றும் தண்ணீரும் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருக்கும், அல்லது வண்டி தேவையில்லாத பாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். உங்கள் வண்டி இந்தக் கடைசி ரகம்.

முள்ளை நம்பலாமா என்பதையும் பார்த்துவிடுங்கள். பழைய ஜீப்பில் டேஷ்போர்டின் எர்த் கெட்டுப்போனால் முள் இஷ்டத்துக்கு ஆடும். ஹெட்லைட் போட்டதும் முள் நகர்ந்தால் ஒயரிங்கில் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்சாரைக் கழற்றி, ஒயரோடும் ஒரு எர்த் ஒயரோடும் கொதிக்கும் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் சேலத்தில் 99 டிகிரி. மீட்டர் கண்ணாடியில் அங்கே ஒரு மார்க்கர் கோடு போட்டுவிடுங்கள். சிவப்புப் பட்டையைவிட அந்தக் கோடு நம்பகமானது. ஆன்லைனில் கிடைக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வதும் நல்லது. இந்த வேலைக்கு அதைவிட உபயோகமான கருவி இல்லை.

அடுத்து, கூலிங்குக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும் விஷயங்கள். மலை என்றதும் ஃபோர் வீல் டிரைவ் லீவரைத் தட்டிவிடும் பழக்கம் பல டிரைவர்களுக்கு உண்டு. இந்த ஜீப்களில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் டிஃப்ரென்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும், பின் சக்கரங்கள் குறைவாக. அந்த வித்தியாசத்துக்குப் போக்கிடம் இல்லாமல் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறும், அந்த முறுக்கையும் எஞ்சின்தான் இழுக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோட்டில் இது சின்ன விஷயமில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸில் (சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் பெட்டி) உள்ள லோ கியரும் அப்படியே, தார் ரோட்டில் வேண்டாம். தோட்டத்துச் சேற்றுப் பாதையில் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

கியர் விஷயத்தில் நேர் எதிர்ப் பழக்கம் ஒன்றும் இருக்கிறது: டீசல் மிச்சம் என்று நினைத்து மூன்றாவது கியரில் திணறத் திணற ஏற்றுவது. ஃபேனும் பம்பும் எஞ்சின் சுழலும் வேகத்தில்தான் சுழலும். மூன்றாவதில் மிதித்துக்கொண்டு போனால் சூடு அதிகம், காற்றும் தண்ணீரும் குறைவு. இரண்டாவதுக்கு இறக்கி, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி, எஞ்சினைச் சுறுசுறுப்பாகச் சுழல விட்டால் பல வண்டிகளில் முள் இரண்டு வளைவுக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அப்படி இறங்கினால் கோளாறு பெரிதில்லை என்றும் தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் பிரேக். அடிவாரம் வந்ததும் இறங்கி நான்கு டிரம்மையும் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அது பிடித்துக்கொண்டு ஓடுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஹேண்ட் பிரேக் டிரம் இருக்கும் வண்டியாக இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். அது லேசாக உரசினால் டிரைவருக்குத் தெரியவே தெரியாது, கருகல் வாடை வந்தால்தான் உண்டு.

இனி காற்று. பானட்டைத் திறந்து ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் என்கிற தகரக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய ஜீப்களில் இது இருக்காது. எப்போதோ பெல்ட் மாற்றியவர் இடைஞ்சல் என்று கழற்றிப் பட்டறையிலேயே விட்டிருப்பார். அது இல்லாவிட்டால் ஃபேன் தன் முனையைச் சுற்றி அதே சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும், ரேடியேட்டர் வழியாக இழுக்காது. வேகமாக ஓடும்போது இது தெரியாது, ஏற்றத்தில் தெரியும். பழைய அளவில் தகரத்தில் மடித்துக்கொடுக்க எந்த டிங்கர் பட்டறையாலும் முடியும். ஃபேன் இறக்கைகள் பாதிக்கு மேல் கூட்டுக்குள் இருக்கும்படி செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு நியூஸ்பேப்பர் தாளை விட்டால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பம்ப் மாற்றியபோது ஃபேனைத் திருப்பி மாட்டியிருந்தால் இந்தச் சோதனையிலேயே சந்தேகம் வந்துவிடும். திருப்பி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் போகும், பாதிகூடப் போகாது, அவ்வளவுதான். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை இஞ்சுக்கு மேல் உள்ளே போகக்கூடாது. பெல்ட்டின் ஓரம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் சத்தம் போடாமலே வழுக்கும்.

கிரில்லுக்கு முன்னால் இருப்பதையும் எண்ணிப் பாருங்கள்: பம்பரில் எல்.இ.டி. லைட் பட்டை, இரண்டு ஹாரன், பெரிய நம்பர் பிளேட், சில வண்டிகளில் வின்ச். ஜீப்பின் ரேடியேட்டர் முகம் ஏற்கெனவே சின்னது. அதில் கால்வாசியை அலங்காரத்துக்குக் கொடுத்துவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் வாங்கிப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முன்னால் வைக்கும் ஃபேன் சுற்றாதபோது அதுவே காற்றைத் தடுக்கும், பழைய ஆல்டர்னேட்டருக்கும் கூடுதல் பாரம். கம்பெனி கொடுத்த ஃபேன், ஒழுங்கான ஷ்ரவுட், இறுக்கமான பெல்ட் போதும். ரேடியேட்டர் ஃபின்களுக்கு நடுவே தோட்டத்து மண்ணும் பூச்சியும் சேர்ந்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷை ஃபின்னுக்குச் சாய்வாகப் பிடித்தால் எல்லாம் மடங்கிவிடும், நேராகவே பிடிக்க வேண்டும்.

இப்போது தண்ணீர். உங்கள் கேஸில் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டுகிறார்களே, மேக்னசைட், அது மக்னீசியம் கார்பனேட். ஜில்லாவின் பல போர்வெல்களில் கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டாகக் கரைந்து கிடக்கின்றன, பக்கெட்டிலும் ஷவரிலும் வெள்ளையாகப் படிவது அதுதான். பைகார்பனேட் சூட்டில் உடைந்து கல்லாகப் படியும். எங்கே சூடு அதிகமோ அங்கே அதிகமாகப் படியும், அதாவது ஹெட்டுக்குள், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி. கூலிங் முக்கியமாகத் தேவைப்படும் இடத்திலேயே தண்ணீருக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு கல் சுவர் எழும்பிவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று. ஒரு தடவை போர் தண்ணீர் நிரப்பியதால் பெரிய கேடு வராது, அதில் இருக்கும் உப்பு அவ்வளவுதான், படிந்ததும் தீர்ந்தது. கேடு மேலே மேலே ஊற்றுவதில் இருக்கிறது. ஒழுகியோ கொதித்தோ தண்ணீர் போனாலும், ஏற்கெனவே கல்லாகப் படிந்த உப்பு உள்ளேயே நிற்கும். புதிதாக ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் புது உப்பைக் கொண்டுவரும். ஆகவே சின்ன ஒழுகலை அலட்சியம் செய்தவரின் எஞ்சினில்தான் அதிகக் கல் இருக்கும். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்ன ஓட்டை, ஹோஸ் கிளாம்ப்கள், பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள கோர் பிளக்குகள் என்கிற வட்ட அடைப்புகள், இவற்றைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ துருவாகவோ கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள்.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க அந்த இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுங்கள். அடிவாரத்திலிருந்து நான்கைந்து வளைவு ஏற்றிவிட்டு, எஞ்சினை நிறுத்தாமல், ரேடியேட்டரின் மேல் டேங்க்கையும் கீழ் டேங்க்கையும் அளக்க வேண்டும். பளபளக்கும் பித்தளையில் அளவு தப்பாக வரும், கருப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளக்கவும். இரண்டுக்கும் நடுவில் ஐந்து முதல் பத்து டிகிரி வித்தியாசம் இயல்பு. வித்தியாசம் இருபதைத் தாண்டினால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது, குழாய் அடைப்பையோ பம்பையோ கீழ் ஹோஸையோ பாருங்கள். இரண்டும் சூடாக இருந்து வித்தியாசமே இல்லையென்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்று எடுத்துக்கொள்ளவில்லை. ஃபேனும் ஷ்ரவுட்டும் சரியாக இருந்தும் இப்படியென்றால் ஃபின்கள் குழாயை விட்டுப் பிரிந்துவிட்டன. விரலால் தேய்த்தால் ஃபின் பொடியாக உதிரும், அந்தக் கோரைக் கழுவிப் பிரயோஜனமில்லை. கோரின் முகம் முழுக்க அளந்து போனால் குளிர்ந்த திட்டுகள் தெரியும், அவை அடைத்த குழாய்கள்.

கருவி இல்லாமலும் பார்க்கலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரண்டு ஹோஸையும் கழற்றி, கீழ் வாயை உள்ளங்கையால் அடைத்து ரேடியேட்டரை நிரப்பிவிட்டுச் சட்டென்று கையை எடுங்கள். தண்ணீர் வாய் நிறைய ‘டப்’பென்று கொட்ட வேண்டும். வாய்க்கால் போல வழிந்தால் கோர் அடைப்பு.

அடைப்பு லேசாக இருந்தால் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், வேலை செய்யும். லிட்டருக்கு 30 கிராம் அளவில் கரைத்து ஊற்றி, வண்டியை அரை மணி நேரம் சூட்டில் ஓடவிட்டு, ஆறியதும் முழுக்க வடிக்கவும். பிளாக்கின் பக்கத்தில் உள்ள டிரெயின் காக்கையும் திறக்க வேண்டும். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பிளாக்கின் அடியில் சேறு அப்படியே இருக்கும். அந்த டிரெயினைத் திறந்தும் தண்ணீர் வராவிட்டால் ஒரு கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். உள்ளே கறுப்புக் களி வந்தால் கொதிப்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை அலசி, கடைசியில் கொஞ்சம் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒரு தடவை அலசிவிடுங்கள். பாத்ரூம் ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம், கல்லோடு சேர்த்து ஈயப் பற்றையும் தின்றுவிடும். இன்னொன்று, கல்லே அடைத்துக்கொண்டிருந்த ஓட்டைகள் கழுவியதும் ஒழுகும். அதற்குத் தயாராக இருங்கள்.

அடைப்பு அதிகமென்றால் ரேடியேட்டரை இறக்கி, மேல் டேங்க்கைப் பிரித்து, குழாய்களுக்குள் பட்டைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். லாரிக்காரர்கள் இருக்கும் ஊரில் இதற்கு ஆள் பஞ்சம் இல்லை. பித்தளை ரேடியேட்டர் இருந்தால் அதையே சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டு மெல்லிய அலுமினியம் வாங்காதீர்கள்.

நிரப்ப டி.எம். வாட்டரோ (உப்பு நீக்கிய தண்ணீர்), முதல் மழை போன பிறகு சுத்தமான மாடியில் பிடித்த மழைத் தண்ணீரோ போதும். அதோடு மூன்றில் ஒரு பங்கு கூலன்ட். ஏற்காட்டுக் குளிருக்குத் தண்ணீர் உறையப் போவதில்லை, நமக்கு வேண்டியது அதிலிருக்கும் துருத் தடுப்பான். பாதிக்கு மேல் கூலன்ட் ஊற்றுவதால் நன்மை இல்லை, சுத்தத் தண்ணீரைவிடக் கூலன்ட்டில் உள்ள கிளைகால் குறைவாகத்தான் சூட்டைச் சுமக்கும். வடித்த கூலன்ட்டைத் தோட்டத்தில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், நக்கினால் பிழைக்காது.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். அதைக் கழற்றினால் குளிரும் என்பது நம் பட்டறைகளில் ஊறிப்போன நம்பிக்கை. ரேடியேட்டரைத் தவிர்த்துத் தண்ணீர் சுற்றும் பைபாஸ் வழி உள்ள எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் முழுக்கத் திறக்கும்போது பைபாஸை மூடும்படி வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டால் சுடுதண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், ஏற்றத்தில் இன்னும் மோசமாகும். இறக்கத்திலோ எஞ்சின் சூடே ஏறாமல் டீசல் அரைகுறையாக எரியும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் வாங்கி, போடுவதற்கு முன் பாத்திரத்துத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு போட்டு எப்போது திறக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிதிலேயே திறக்காதவை உண்டு. விளிம்பில் உள்ள சின்னத் துளை மேல் பக்கம் வரட்டும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை, ஆனால் மலையில் அதற்குத்தான் வேலை அதிகம். சேலத்தில் 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதிக்கும். 7 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மூடி ஒழுங்காக அடைத்தால் ஏற்காட்டிலும் கொதிநிலை 105 டிகிரியைத் தாண்டும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு முழுக்கப் போச்சு. கீழே அமைதியாக இருந்த அதே சூடு மேலே கொதியாக மாறும். புத்தகத்தில் சொன்ன அழுத்தத்துக்கே மூடி வாங்குங்கள். 15 பி.எஸ்.ஐ. மூடி போட்டால் பழைய டேங்க் பிளந்துகொள்ளும். ரிசர்வ் பாட்டில் இல்லாத ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பினால் விரிந்த தண்ணீர் வழிந்து தன் மட்டத்துக்கு வந்து நிற்கும். மேலே ஒரு இஞ்சு காலி இருப்பது குறைபாடில்லை. அதைப் பார்த்துத் தினமும் போர் தண்ணீர் ஊற்றுவதுதான் குறைபாடு.

பெட்ரோல் எஞ்சின் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. சி.ஜே. 3பி-யின் 2199 சி.சி. ஹரிகேன் எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால் சூடு நேராகப் பிளாக்குக்கு இறங்கும். இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) பின்தங்கியிருந்தாலே மலையில் கொதிக்கும். ரேடியேட்டரைத் தொடுமுன் டைமிங்கைப் பாருங்கள். டீசல் எஞ்சினிலும் டீசல் பம்பின் டைமிங் தாமதமானால் இழுவை குறைந்து சூடு ஏறும், ஆனால் அது புகையிலும் தெரிந்துவிடும்.

வழியில் முள் ஏறினால்: நிழலில், காற்று முகத்தில் படும்படி நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் கொஞ்சம் ரேஸ் கொடுத்து இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிடுங்கள். ஏறிய உடனே அணைத்தால் பம்ப் நின்று, ஹெட்டில் உள்ள சூடு அங்கேயே தண்ணீரைக் கொதிக்க வைக்கும். நீங்கள் பார்க்கும் ஊற்றல் பெரும்பாலும் அதுதான். ஏற்கெனவே கொதித்துத் தண்ணீர் போய்விட்டால் மட்டும் அணைத்துவிட்டு, மூடியைத் தொடாமல் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான ஹெட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழும்.

கடைசியாக கேஸ்கட். காலையில், எஞ்சின் சில்லென்று இருக்கும்போது, ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, தண்ணீரை வாய் வரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷம் மட்டும் ஓடவிடுங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாமல் இருக்க வேண்டும். தொடர்ந்து குமிழி வந்தால் எஞ்சினில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தாலும், டீசல் வாடையில்லாத வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல் வந்தாலும் அதே முடிவு. இவற்றில் ஒன்று தெரிந்தால் தாராளமாகத் திறக்கலாம். எதுவும் தெரியாவிட்டால் ஷ்ரவுட், மூடி, தெர்மோஸ்டாட், கழுவிய கோர், இரண்டாவது கியர் என்ற வரிசையில் முடித்துவிட்டு, அதே மூட்டையோடு அதே ரோட்டில் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள்.

திறந்தே ஆகவேண்டிய நிலை வந்தால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிட விடாதீர்கள். ஹெட்டை லேத்தில் கொடுத்து நேர்கோட்டுப் பட்டையால் வளைவு பார்க்கச் சொல்லுங்கள், விரிசலுக்குப் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், கோர் பிளக்குகளை எல்லாம் தட்டி எடுத்து அந்த ஓட்டைகள் வழியாகப் பிளாக்கின் உட்புறத்தைக் கம்பியும் தண்ணீரும் விட்டுச் சுரண்டச் சொல்லுங்கள். போல்ட்டுகளை டார்க் ரெஞ்சு (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து, புத்தகத்தில் உள்ள வரிசையில், பல சுற்றாக இறுக்க வேண்டும். பட்டறையில் டார்க் ரெஞ்சு இல்லையென்றால் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.